பெருந்தமனியின் மேல் பஞ்சு

இதய அறுவை சிகிச்சை படிப்பில் எனக்கு ஒரு வருடம் ஜூனியர் அவர். கொட்டாம்பட்டிப் பக்கத்து ஆள். குட்டை உருவம், கனத்த கண்ணாடி. கத்தரியை எடுத்ததும் ரத்தக்குழாயிடம், "வாரேன், வாரேன்" என்று முணுமுணுப்பார்.

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் மேல் பஞ்சு போலத் திசு இருக்கும். நான் அதை முழுக்கச் சுரண்டி வெள்ளை வெளேரென்று ஆக்கிவிடுவேன். அவர் தையல் போடும் இடத்தில் மட்டும் ஒதுக்குவார். ஒருநாள் நர்ஸுகள் முன்னாலேயே கேட்டேன்.

"என்னப்பா, இம்புட்டு அழுக்க அப்படியே விட்டு வச்சிருக்க?"

"அழுக்கு இல்லண்ணே. உள்ள ஓடுற ரத்தம் இந்தத் தடிச்ச சுவரோட வெளிப்பக்கம் வரைக்கும் எட்டாது. பஞ்சுக்குள்ள முடி மாதிரி ஓடுது பாருங்க, இந்தக் குழாய்தான் சுவருக்குச் சோறு போடுது. வழிச்சு எடுத்தா சுவரு பட்டினிதான்."

பரீட்சையில் இதையே எழுதி முழு மார்க் வாங்கியவன் நான். கத்தரி பிடித்த கைக்கு மட்டும் அது போய்ச் சேரவில்லை. அன்று முழுக்க வயிறு எரிந்தது.

பிறகு என் அப்பாவுக்கே பெருந்தமனி வீங்கியது. "ஆபரேஷன்ல எனக்குத் துணையா யாரை நிறுத்தட்டும்?" என்றார் தலைமை மருத்துவர். யோசிக்காமல் கொட்டாம்பட்டிக்காரர் பெயரைச் சொன்னேன்.

அப்பா பிழைத்துவிட்டார். கடைசியில் நெஞ்சைத் தைத்து மூடியது அந்த ஜூனியர்தான். இப்போதும் வீட்டுக்கு யார் வந்தாலும் சட்டையைத் திறந்து தழும்பைக் காட்டி, "அந்தத் தம்பியோட கை" என்கிறார். நான் எழுந்து காபி போடப் போய்விடுவேன்.