வெள்ளிமலை ஜீப்பில் நான் கேட்ட மூன்று கேள்விகள்

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வெள்ளிமலைக்குக் கிளம்பியதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை. கொரோனா முடிந்தும் முடியாமலும் இருந்த ஒரு டிசம்பர். இட ஒதுக்கீட்டுக் கிளர்ச்சி மறுபடி சூடு பிடித்திருந்தது. கள்ளக்குறிச்சியில் டீக்கடை, ஆபீஸ், வாட்ஸ்அப் எங்கும் அதே பேச்சு. பன்னிரண்டு வருடம் பக்கத்து மேஜையில் இருந்தவர் என்னோடு பேசுவதையே நிறுத்தியிருந்தார். ஜாதி பார்க்காத ஆள் நான் என்று எனக்கொரு நினைப்பு உண்டு. அதனால் கோபம் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை 6.10க்கு பஸ். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைப் பக்கமாகப் போய் மலை ஏறுகிறது. ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர், அன்றைக்கு நாற்பது ரூபாய். 8.25க்கு வெள்ளிமலையில் இறங்கினேன். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மட்டும் ஏறாதீர்கள். வளைவுகளில் என் பக்கத்து சீட்காரர் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

மேலே எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சாமை அறுத்த கொல்லைகள், குளிர்காற்று, அருவியில் தண்ணீர். எனக்குத்தான் ஓரிடத்தில் பத்து நிமிஷம் நிற்க முடியவில்லை. அருவிக்கு எதிரில் நின்றுகொண்டு போனில் சிக்னல் தேடினேன். ஒரு வீட்டு மாடியறையில் 400 ரூபாய்க்குத் தங்கினேன், வெந்நீர் உண்டு. இரண்டு நாள் இருப்பதாகத் திட்டம். மறுநாள் மத்தியானமே மூட்டையைக் கட்டிவிட்டேன்.

கீழே மறியல், பஸ் வராது என்றார்கள். ஜீப்தான் கதி. கள்ளக்குறிச்சிக்கு ஆளுக்கு 100 ரூபாய். ஓட்டியவர் சவரிமுத்து, அடிவாரத்துக்காரர். என் பக்கத்தில் பதினெட்டு வயது இருக்கும் ஒரு பெண், மடியில் பட்டன் வைத்த பிளாஸ்டிக் ஃபைல். நர்சிங் படிப்புக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கள்ளக்குறிச்சியில் நாலு மணிக்குள் சான்றிதழ்களோடு நிற்க வேண்டும். தவறினால் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஜீப் கிளம்பியபோது 1.20.

“எந்த ஊரும்மா?” என்றேன். வெள்ளிமலைக்கும் உள்ளே ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஊரைச் சொன்னார்.

“அப்பா இன்னா பண்றாரு?”

“மூங்கில்துறைப்பட்டு பக்கம் கரும்பு வெட்டப் போயிருக்காருங்க. அங்கேர்ந்து நேரா பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடுவாரு.”

“ஊர்ல எந்தத் தெரு?”

“தெரு இல்லீங்க. இங்க ஒரு வூடு, அங்க ஒரு வூடு. அவ்ளோதான்.”

எனக்கு என்னவோ ஏமாற்றமாக இருந்தது. சவரிமுத்து கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “சார் ஏறுனதும் என்னையும் இதத்தான் கேட்டாரு. மாதா கோயில் தெருன்னேன். அதோட வுட்டுட்டாரு.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. சும்மா பேச்சுக்குக் கேட்டேன் என்று சமாளித்தேன்.

2.35க்கு, மலை இறங்கிச் சமவெளி தொடங்கும் இடத்தில் சாலைக்குக் குறுக்கே ஒரு பெரிய கிளை. முப்பது பேர் இருப்பார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு என்று நினைப்பவன்தான் நான். அந்தப் பெண் இறங்கிப் போய் ஃபைலைக் காட்டி, நாலு மணிக் கணக்கைச் சொன்னார். முன்னால் நின்றவர் கடுமையாகப் பேசவில்லை.

“காலேஜுதானே? எங்க புள்ளைங்களுக்கும் அதத்தாம்மா கேட்டுக்கினு இருக்கோம். அஞ்சு மணிக்கு எடுத்துடுவோம். அதுவரைக்கும் அப்டி குந்து.”

அந்தப் பெண் திரும்பி வந்து ஜீப்பில் உட்கார்ந்தார். ஃபைல் பட்டனைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். 2.50 ஆனது. உள்ளே உட்கார முடியாமல் நான் இறங்கி நின்றேன். முன்னால் நின்ற அந்த ஆள் என்னைப் பார்த்தார்.

“நீங்க எந்த ஊரு சார்?”

சொன்னேன்.

“அங்க எந்தத் தெரு?”

“மேட்டுத்தெரு.”

“அட, நம்ம ஆளு. மொதல்லயே சொல்லக் கூடாதா?” கிளையை இழுத்து ஓரம் போட்டார்கள். 2.55.

இரண்டு கிலோமீட்டர் தாண்டினோம். பிறகு அந்தப் பெண் கேட்டார். “தெரு பேரச் சொன்னா போதுமாங்க?” நக்கல் இல்லை, நிஜமாகவே கேட்டார். “இந்த ஜாதி சர்டிபிகேட்டுக்கு நாங்க ஒன்றரை வருசம் நடந்தோம். தாத்தாவோட தாத்தா யாருன்னு வரைக்கும் கேட்டாங்க. நீங்க வாயால சொன்னாலே நம்புறாங்களே.”

வெட்கமாக இருந்தது. தெரு எது என்று வாழ்நாளெல்லாம் எதற்காகக் கேட்டுவந்தேன் என்பது, அதே கேள்வியை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டபோதுதான் எனக்கே விளங்கியது. கிளை நகர்ந்த அந்த நொடியில் எனக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது. அதை மறைத்துவிட்டு இந்தப் பதிவை எழுதுவதில் அர்த்தமில்லை.

3.35க்கு பஸ் ஸ்டாண்ட். கரும்புத் தோகை கிழித்த கைகளோடு அவர் அப்பா நின்றிருந்தார், சட்டைகூட மாற்றவில்லை. இருவரும் ஒரு ஷேர் ஆட்டோவைப் பிடிக்க ஓடினார்கள்.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். மத்தியான பஸ்ஸை நம்பாதீர்கள், முதல் பஸ்ஸே நல்லது. ஸ்வெட்டரும் சில்லறையும் கையில் இருக்கட்டும். என்னைப் போல் அவசரப்படாமல் குறைந்தது இரண்டு நாள் தங்குங்கள். ஜீப்பில் பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள். என்ன கேட்கிறோம், பதில் வந்ததும் எந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறோம் என்பதை மட்டும் கவனியுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்ததா என்பது எனக்கும் உறுத்திக்கொண்டே இருந்தது. பத்து நாள் கழித்து, வெள்ளிமலையில் நான் தங்கிய வீட்டுக்காரருக்குப் போன் செய்து ஊரைச் சொல்லிக் கேட்டேன்.

“அந்த ஊர்லேர்ந்து ரெண்டு பொண்ணுங்க போச்சு சார். ஒன்னு சேந்துடுச்சு. ஒன்னு நேரத்துக்குப் போவ முடியாம திரும்பி வந்துடுச்சு. ரெண்டு பேரோட அப்பனும் கரும்பு வெட்டறவங்கதான். உங்க கூட வந்த பொண்ணு பேரு இன்னா?”

பெயரை நான் கேட்கவில்லை.