யாப்பா தராத கடை

பொலிவியாவின் கொச்சபாம்பா சந்தையில், பழச்சாறு வரிசையின் உயரமான மேடையில் உட்கார்ந்து காலம் தள்ளிய பிரிமித்திவா ரொக்காபாதோ ஒருநாள் இறங்கிவிட்டாள். எதிர்த் தெருவில் கண்ணாடிக் கதவு போட்ட சொந்தக் கடை. காகிதக் கோப்பை, மூடி, உறிஞ்சுகுழல். கூடவே ஊருக்கே கேட்கும்படி ஓர் அறிவிப்பு: "என் கடையில யாப்பா கிடையாது!"

அந்த ஊரில் சாறு குடித்தவர் உடனே எழுந்துபோவதில்லை. காலித் தம்ளரை நீட்டுவார். மிக்ஸி ஜாரில் மிச்சமிருப்பதை விற்பவள் இலவசமாக ஊற்ற வேண்டும். அதுதான் யாப்பா. விற்பவளும் வாங்குபவரும் ஒருவரையொருவர் 'கசேரா', ஆணென்றால் 'கசேரோ' என்று உறவு கொண்டாடுவதே அதன் தயவில்தான்.

முதல் நாளே டாக்ஸிக்கார ஃபவுஸ்தீனோ மூடியைக் கழற்றிக் கோப்பையை நீட்டினார்.

"என்ன?"

"யாப்பா, கசேரா."

"இல்லைன்னு சொன்னேனே, காதுல விழலையா?"

"விழுந்துச்சு. ஊருக்குச் சொன்னே, எனக்குமா?"

"உங்களுக்காகத்தான் சொன்னதே."

அவர் போனார். பின்னாலேயே டாக்ஸி நிறுத்தமும் போயிற்று. மழைக்காலம் முடிவதற்குள் ஈக்களும் வேறு கடை பார்த்துக்கொண்டன. கடையை வாடகைக்கு விட்ட கட்டடக்காரர் புது ஆள் தேடுகிறார் என்று பேச்சு கிளம்பியது.

அடுத்தவர் கடை படுத்தால் போதும், ஊருக்கே வியாபார ஞானம் பிறந்துவிடும். கடன் வாங்கியது தப்பு என்றார் பூட்டுக்கடைக்காரர். பெயர்ப்பலகையின் நிறம் தப்பு என்றார் பாதிரியார். இன்னும் பழைய வரிசையிலேயே சாறு விற்கும் அவளுடைய அண்ணன் மனைவி ஃபெலீசா நேரில் வந்தாள்.

"உன் மேடை காலியாத்தான் இருக்கு, பிரிமி. தப்பு பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு, சேத்துக்குவாங்க."

"சொல்லமாட்டேன், அண்ணி."

"கடை போயிடும்டி!"

"போகாது. போங்க நீங்க."

மறுநாள் பழைய மிக்ஸியைக் கொடுத்துவிட்டுப் பூதம் மாதிரி ஒன்றை வாங்கிவந்தாள். மூடிகள் குப்பைக்குப் போயின, கண்ணாடித் தம்ளர்கள் வந்தன. ஃபவுஸ்தீனோவை டாக்ஸியிலிருந்து கையோடு இழுத்துவந்து உட்காரவைத்தாள். அவர் வாழைப்பழப் பாலைக் குடித்து முடித்ததும் தம்ளரில் ஜாரைச் சாய்த்தாள்.

"யாப்பாவா?" அவர் கண்கள் விரிந்தன.

"வாயை மூடிட்டுக் குடிங்க. ஜார் பெருசாப் போச்சு. மிச்சத்தைச் சாக்கடையிலயா கொட்டறது?"

ஜார் எல்லோருக்கும் பெரிதாகவே இருந்தது. டாக்ஸி நிறுத்தம் திரும்பி வந்தது. கட்டடக்காரரும் தம்ளரோடு வந்து நின்றார், கடையைக் காலி செய்யும் பேச்சையே எடுக்கவில்லை.

கூட்டத்தை இடித்துக்கொண்டு ஃபெலீசா உள்ளே நுழைந்தாள். "இப்பவாவது ஒத்துக்கோடி, தப்புதானே?"

"தப்புதான்," என்றாள் பிரிமித்திவா. "மிக்ஸி செஞ்சவன் பண்ணின தப்பு. நான் என்ன பண்ணட்டும்? தள்ளி நில்லுங்க, கசேரோ காத்திட்டிருக்காரு."