கரண்ட் வைத்த மாம்பழம்

வில்லியனூர் மாம்பழக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஏற்றுமதிக்குப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த ரோசி அக்காவிடம், கொட்டைக்குள் இருக்கும் வண்டு பெருகாதபடி பழத்துக்குக் கதிர்வீச்சு கொடுப்பார்கள் என்று பட்டதாரிப் பெருமையோடு விளக்கினேன்.

“இன்னாது, மாம்பழத்துக்குமா கரண்ட் வெப்பாங்க? எம் வூட்டுக்காரரு புத்துநோய்க்கும் அதான்டா வெச்சாங்க. தோலு கருகி, செத்தே பூட்டாரு.”

அந்தப் பயத்தில்தான் தன் மார்பிலிருந்த கட்டியை அவர் யாரிடமும் காட்டவில்லை.

ஒருநாள் பெட்டி உடைந்ததால், கதிர்வீச்சு கொடுத்த பழங்கள் சில திரும்பி வந்தன. அக்கா ஒன்றை முகர்ந்து, பயந்தபடியே கடித்தார்.

“கருகலயே தம்பி, அப்படியே இனிக்குது! எம் மாருல ஒரு கட்டி கீது, எனக்கும் வெச்சுப் பாக்கலாமா?”

மறுநாளே பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். நுரையீரல் வரை பரவிவிட்டது, இனிக் கரண்ட் வைத்தாலும் குணமாகாது என்றார் டாக்டர்.

ரோசி அக்கா இப்போது அரியூரில், மகள் வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறார்.