அரை இஞ்சு தாழ்ந்த படி

புருஷன் செத்துப் பதினாறு நாளும் யோகலட்சுமி அழவில்லை. கோவில்பட்டியில் அவளைத் தெரிந்தவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது இதைத்தான், அதனால் நானும் இதையே முதலில் சொல்லிவிடுகிறேன். துட்டி கேட்க வந்த பெண்கள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்துவிட்டு, தெருமுனை திரும்பும் முன்பே "கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாத்தியா" என்று பேசிக்கொண்டு போனார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஒன்பது வருடமாக அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவள் நான். எனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்கிறேன்.

எங்கள் ஆபீஸ் எட்டயபுரம் ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருக்கிறது. முதலாளி ஜெயகிருஷ்ணன் அண்ணாச்சி. பதினோரு பேர் வேலை பார்க்கிறோம். கனடாவில் கட்டுகிற மரக் கட்டடங்களுக்கு இங்கே உட்கார்ந்து வரைபடம் போடுவதுதான் வேலை. அங்கே என்ஜினீயர் கணக்குப் போட்டு அனுப்புவார். எந்தக் கட்டையை எந்த அளவில் அறுக்க வேண்டும், எங்கே துளை போட வேண்டும் என்று நாங்கள் தாளில் கொண்டு வருவோம். அந்தத் தாளை வைத்து அங்கே தொழிற்சாலையில் மெஷின் அறுக்கும். யோகலட்சுமி வரைவாள், நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவேன்.

ஆமாம், ஆறு தளம் வரைக்கும் மரத்தில்தான் கட்டுகிறார்கள். பாதி ஊர் தீப்பெட்டி ஒட்டிப் பிழைத்த இடத்தில் இதைச் சொன்னால் "பத்திக்கிடாதா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். நானும் முதலில் சிரித்தவள்தான்.

போன ஆவணியில் ஓர் அப்பார்ட்மென்ட் வந்தது. அடித்தளம் காங்கிரீட். அதற்கு மேலே இரண்டு விதமான மர வேலை கலந்திருந்தது. வீடுகளின் சுவர் அவர்களுடைய பழைய முறை: ஒல்லிச் சட்டங்களை நெருக்கமாக நிறுத்தி, மேலேயும் கீழேயும் ஒரு கட்டையைப் படுக்கப் போட்டு ஆணி அடிப்பது. தளமும் நடைபாதை ஓரத்துத் தூண்களும் புது முறை: பலகைகளைப் பசை போட்டு அடுக்கி, பெரிய மெஷினில் அழுத்திக் கனமாகச் செய்தவை. சுவருக்குப் பழையது மலிவு, தளத்துக்குப் புதியது உறுதி. இரண்டையும் சேர்த்தால் நல்லதுதான், ஒரு தொல்லையைத் தவிர. மரம் காயும்போது படுத்திருக்கிற கட்டை சுருங்கும், நிற்கிற தூண் உயரத்தில் சுருங்காது. தளத்துக்குத் தளம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, ஆறாவது தளத்தில் வீட்டுப் பக்கம் இருபது மில்லிமீட்டர் இறங்கிவிடும். தூண் பக்கம் அப்படியே நிற்கும். அதனால் கட்டும்போதே வீட்டுப் பக்கத்தை இருபது மில்லிமீட்டர் உயர்த்தி வைக்க வேண்டும். இரண்டு வருடத்தில் அது இறங்கிச் சமமாகிவிடும்.

இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். இரண்டும் கலந்த கட்டடம் எங்களுக்கு அதுதான் முதல். என்ஜினீயர் குறிப்பில் இருந்தது ஒரே வரி: "ஆறாவது தளத்தில், சுவருக்கும் தூண் வரிசைக்கும் நடுவே இருபது மில்லிமீட்டர் நகர்வுக்கு இடம் விடவும்." மேலேயா கீழேயா என்று எழுதவில்லை. அவர்கள் ஊரில் அது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி போலிருக்கிறது.

இப்போது யோகலட்சுமியின் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூவனநாதன் வீடு கட்டும் மேஸ்திரி. பசுவந்தனை, ஓட்டப்பிடாரம் பக்கமெல்லாம் அவர் கட்டிய வீடுகள் நிற்கின்றன. கரிசலில் கட்டின வீடு விரிசல் விடாமல் நிற்பதே பெரிய பேர். கோடையில் கால் போகிற அளவுக்கு வெடிக்கும் மண், மழை விழுந்தால் பொங்கி மேலே வரும். அவர் தன் சொந்த வீட்டை ஊர் எல்லையில் அதே வருடம் வைகாசியில்தான் கட்டி முடித்தார். வீட்டுக்குக் கரிசலைத் தோண்டி எடுத்து, சரளை தட்டும் வரை போய் அடித்தளம் போட்டார். வெளிப்படிக்கு மட்டும் அவ்வளவு ஆழம் போகவில்லை. அதைக் கரிசல் மேலேயே உட்கார வைத்து, வாசல் தரையைவிட அரை இஞ்சு தாழ்த்திவிட்டார்.

பால் காய்ச்சின அன்று அது எல்லார் கண்ணிலும் பட்டது. அவருடைய அக்கா முத்துத்தாய் காலை இடித்துக்கொண்டு, "ஊருக்கெல்லாம் மட்டம் புடிச்சுக் குடுத்துட்டு, சொந்த வீட்டுல கோட்ட விட்டுட்டியேலே" என்றார். எல்லாரும் சிரித்தோம். அவர் கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "கார்த்திகைக்கு வாங்க மதினிமாரே, கண்ண மூடிட்டு நடக்கலாம். மண்ணு பொங்கி மேல வரும், படி சமமாயிரும்" என்றார்.

ஆவணியில் ஓட்டப்பிடாரத்தில் சாரத்திலிருந்து இறங்கி டீ வாங்கினவர், குடித்து முடிக்கவில்லை. ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

நாலாம் நாள் யோகலட்சுமி எனக்குப் போன் செய்தாள். "சொர்ணக்கா, லேப்டாப்பக் குடுத்து விடுங்க. ஆறு மாடி வேலை கெடக்குல்லா" என்றாள். அண்ணாச்சிக்கு ஆபத்துக்குப் பாவமில்லை, உடனே கொடுத்தனுப்பினார். நான்தான் கொண்டு போனேன். முன்னறையில் பெண்கள் கூட்டம். இவள் உள்ளறையில் கட்டிலில் லேப்டாப்பை வைத்து வரைவாள், ஆள் வந்தால் எழுந்து போய் உட்கார்ந்து கட்டிப்பிடிக்கக் கழுத்தைக் கொடுப்பாள், அவர்கள் போனதும் வந்து விட்ட இடத்தில் தொடர்வாள்.

"ஏட்டி, எப்படிட்டி இருக்க?" என்று கேட்டேன்.

"பல்லு புடுங்க ஊசி போட்டாப்புல இருக்குக்கா. தொட்டா தெரியுது. வலிக்கல."

ஆறாவது தளத்துத் தாளை அவள் ஒன்பதாம் நாள் போட்டாள். இருபது மில்லிமீட்டர் நகர்வு என்றதும் அவள் கை தானாக வீட்டுப் பக்கத்தைத் தாழ்த்திவிட்டது. நகர்வு என்றால் எங்களுக்கு மேலே வருவதுதான். நான் சரிபார்த்தேன். எனக்கும் அது சரியாகப் பட்டது. அண்ணாச்சியும் பார்த்தார், அவருக்கும் சரியாகப் பட்டது. கரிசல்காட்டு ஆட்கள் மூன்று பேர் பார்த்து, மூன்று பேரும் தலையாட்டினோம். அங்கே உள்ளவர்கள் எங்கள் கையெழுத்தை நம்பி அறுக்கக் கொடுத்துவிட்டார்கள்.

பதினேழாம் நாள் ஆபீஸ் வந்தாள். அதே டிபன் பாக்ஸ், அதே நேரம். யாராவது ஜோக் சொன்னால் கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பாள். மகள் பிரேமலதா தூத்துக்குடியில் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். இவள் சம்பளம் ஒன்றில்தான் இனிமேல் எல்லாம் ஓட வேண்டும். அதைப் பற்றியும் அவள் கவலைப்பட்ட மாதிரி தெரியவில்லை. எனக்குச் சில நாள் அவள் மேல் எரிச்சல்கூட வந்தது. ஒரு நாளாவது உட்கார்ந்து அழுதால் என்ன என்று தோன்றும். அழுதால் நான் தேற்றலாம். அவள் எனக்கு அந்த வேலையையும் தரவில்லை.

கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை அதே கம்பெனியிலிருந்து வேறொரு சின்னக் கட்டடம் வந்தது. அதிலும் அதே குறிப்பு இருந்தது. ஆனால் இந்தத் தடவை பக்கத்தில் ஓர் அம்பு போட்டிருந்தார்கள். அம்பு கீழே பார்த்தது.

யோகலட்சுமி கொஞ்ச நேரம் அந்த அம்பையே பார்த்தாள். பிறகு பழைய தாளைத் திறந்தாள். "அக்கா, நான் தலைகீழாப் போட்டிருக்கேன்" என்றாள், குழம்பில் உப்புக் குறைவு என்று சொல்கிற குரலில்.

உயர்த்த வேண்டிய இடத்தில் தாழ்த்தியிருக்கிறோம். அதுவும் காய்ந்து இன்னும் இறங்கினால், நடைபாதைக்கும் வீட்டு வாசலுக்கும் நாற்பது மில்லிமீட்டர் பள்ளம் விழும். முழுசாய் ஒன்றரை இஞ்சு. அந்தத் தாளில் என் கையெழுத்தும் இருந்தது. "சத்தம் போடாத. அண்ணாச்சிட்ட மொதல்ல சொல்லுவோம்" என்றேன். என் பயத்தை நான் மறைக்கப் போவதில்லை.

அண்ணாச்சி கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார். கடைசியில், "அவனுவ கேட்டாத்தான நாம சொல்லணும்? கட்டி முடிச்சு ரெண்டு வருசம் கழிச்சுத்தான் தெரியும். அதுக்குள்ள யாரு எங்க இருப்பமோ" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் எங்கள் அண்ணாச்சிக்கு நல்ல தேர்ச்சி.

"இப்ப ரெண்டாவது தளம்தான் நிக்கி. மேல போகுததுக்கு முன்னாடி சொல்லிட்டா திருத்திருவாங்க, அண்ணாச்சி" என்றாள் யோகலட்சுமி.

"சொன்னா மறுநாள் வேலை நின்னு போவும். பதினோரு குடும்பம்மா. மொதல்ல போறது நீதான், அதையும் யோசிச்சுக்கோ. அந்தப் புள்ளய யாரு படிக்க வைப்பா?"

"ஆறாவது மாடியில ஆளு நடக்கும்லா" என்றாள். அவ்வளவுதான். வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்து மெயில் எழுதினாள், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அனுப்பினாள். நான் தடுக்கவில்லை. தைரியத்தில் அல்ல, கை எழவில்லை. சாயந்தரம் அண்ணாச்சி அவளைக் கூப்பிட்டு, பதில் வருகிறவரை வர வேண்டாம் என்றார். "சரி அண்ணாச்சி" என்று டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் பதில் வந்தது. திட்டு இல்லை. மேல் தளத்துத் தூண்கள் இன்னும் லாரியில்தான் இருக்கின்றன, அடியில் நாற்பது மில்லிமீட்டர் அறுத்துவிட்டால் போதும், நல்ல வேளை சொன்னீர்கள் என்று எழுதியிருந்தது. கூடவே ஒரு படிவம்: வரைந்தது யார், சரிபார்த்தது யார், எந்தத் தேதி, தவறு நேர்ந்த காரணம் என்ன. அண்ணாச்சி முகம் தெளிந்துவிட்டது. அவரே போன் போட்டு, "வாம்மா, ஒன் சேரு காலியாத்தான் கெடக்கு" என்றார். நேற்று அனுப்பினவர் யாரோ போல.

படிவத்தை அவள் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் நிரப்பினாள். தேதியை எழுதும்போது நான் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தேன், ஒன்பதாம் நாள். காரணம் என்ற கட்டத்தில் உடம்பு சரியில்லை என்று போடச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. "எங்கள் ஊர் மண் மழைக்குப் பொங்கி, மேலே இருப்பதைத் தூக்கும். என் கணவர் வீடு கட்டுபவர். பின்னால் உயரப் போவதை முன்பே தாழ்த்தி வைப்பது அவர் வழக்கம். அதை நினைத்து வரைந்துவிட்டேன்" என்று ஆங்கிலத்தில் எழுதினாள். எந்தச் சடங்கு நாளில் வரைந்தாள் என்பதை எழுதவில்லை.

வியாழக்கிழமை காலையில், கனடாவில் அந்தக் குறிப்பை எழுதின என்ஜினீயரம்மா அவளுக்கே நேராக மெயில் போட்டிருந்தார். தாங்களும் ஓரிடத்தில் களிமண்ணில் கட்டப் போவதாகவும், படிவத்தில் படித்தது தனக்குப் பிடித்திருந்தது என்றும் எழுதியிருந்தார். கடைசி வரி: "எவ்வளவு உயரும் என்று உங்கள் கணவரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?"

யோகலட்சுமி அதை இரண்டு தடவை படித்தாள்.

"அவியகிட்டக் கேட்டுச் சொல்லச் சொல்லுதாங்கக்கா" என்றாள்.

நான் டிராயரில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அவளுக்கு ஒன்றுமில்லை. பையைத் திறந்து அளவு டேப்பை எடுத்தாள். "இந்தா வாரேன்" என்று கிளம்பினாள். வெளியே பத்து நாள் மழை அன்றுதான் கொஞ்சம் விட்டிருந்தது. தெருவெல்லாம் கறுப்புச் சேறு.

முக்கால் மணி நேரம் கழித்து என் போன் அடித்தது.

"அக்கா."

"சொல்லுட்டி. எங்கன இருக்க?"

"வாசல்ல. படியில." மூச்சு வாங்கினாள். "நெதமும் தாண்டிப் போறேன் வாரேன், பாக்கவே இல்ல. டேப்பு வச்சுப் பாத்தேன், மட்டக்கோலு வச்சும் பாத்தேன். அவியளோட மட்டக்கோலு. குமிழி நடுவுல நிக்கிக்கா."

"என்னட்டி சொல்லுத?"

"சமமா வந்துருச்சுக்கா. அரை இஞ்சும் வந்துருச்சு. அவிய சொன்னாப்புலயே வந்துருச்சு. அவியதான் பாக்கல."

பிறகு அவள் குரல் உடைந்தது. கார்த்திகை மாதம் பகல் பன்னிரண்டு மணிக்கு, யாரும் கழுத்தைக் கட்டிக்கொள்ள இல்லாத இடத்தில், யோகலட்சுமி தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து கத்தி அழுதாள். தேற்றுவதற்கு இத்தனை நாள் காத்திருந்த எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு நானும் அழுதேன்.

மூன்று மணிக்கு முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது. மெயிலைத் திறந்து பதில் எழுதினாள்: "பதின்மூன்று மில்லிமீட்டர். என் கணவர் வைகாசியிலேயே சொல்லியிருந்தார்." வைகாசி என்றால் அங்கே யாருக்குத் தெரியும் என்றேன். அதை அழித்துவிட்டு மே என்று மாற்றினாள்.