எங்கள் வீட்டு மாட்டுக்குறி

புலம்பெயர்ந்து டூட்டிங்கில் இருந்த காலம். எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு கேடயம் கீறிய தாளைத் தந்து, குடும்பச் சின்னம் வரைந்து வரச் சொன்னார்கள். இடப்பாதி அப்பாவின் குடும்பத்துக்கு, வலப்பாதி அம்மாவின் குடும்பத்துக்கு. நன்றாக வந்தவை மண்டபச் சுவரில் ஏறும். வெள்ளைக்காரப் பிள்ளைகளின் சிங்கங்களுக்கும் கழுகுகளுக்கும் நடுவில் என்னுடையதும் ஏற வேண்டும். அந்தக் கிழமை முழுக்க எனக்கு வேறு கவலை கிடையாது.

பெற்றோல் ஸ்டேஷனில் இரண்டு ஷிப்ட் அடித்துவிட்டு வந்த அப்பா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் செற்றியில் விழுந்து கிடந்தார். நான் விடவில்லை. சின்னம் என்றதும் கண்ணைத் திறந்தார்.

"எங்களுக்கும் ஒண்டு இருக்குது பிள்ளை. கொண்டா பென்சிலை."

ஒரு வட்டம், மேலே வளைந்த கோடு, கீழே இரண்டு புள்ளி. ஊரில் அவர்கள் வீட்டு மாடுகளுக்குக் காய்ச்சிய கம்பியால் சுடுகிற குறி. மாட்டைப் பார்த்தாலே எந்த வீடு, என்ன சாதி என்று ஊருக்குத் தெரியுமாம். சாதி என்ற சொல்லை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்பா ஊரைப் பற்றி அவ்வளவு பேசியதே எனக்கு அதிசயம். அங்கிருந்து அவருக்கு ஒரு கடிதமும் வந்ததில்லை. தபால்காரன் சரியில்லை என்று நினைத்திருந்தேன்.

"அம்மா, உங்கட வீட்டுக் குறி என்ன?"

அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தார். "எங்களிட்ட மாடு இல்லை."

"அப்ப இந்தப் பக்கம்?"

"வெறுமையாக் கிடக்கட்டும். என்னால ஏலாது, பிள்ளை."

அப்பா பென்சிலை வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

பாதி வெறுமையான கேடயம் எங்கே சுவரில் ஏறுவது? எனக்கா வழி தெரியாது! அப்பாவின் குறியையே அம்மாவின் பக்கமும் வரைந்தேன். ஏறிவிட்டது.

பெற்றோரை அழைத்த நாளில் அம்மா கிளீனிங் வேலை முடிந்து நேரே வந்தார். டீச்சர் புகழ்ந்ததை நான்தான் தமிழில் சொன்னேன். அம்மா கேடயத்தின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு கனநேரம் நின்றார். பஸ்ஸில் ஏறியதும் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். பாவம், வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் குறி சுட்ட மாடுகள் படுத்துக் கிடந்த முற்றத்தில் அம்மாவின் ஆட்கள் கால் வைக்கக் கூடாது என்பதும், அம்மாவைக் கட்டியதால்தான் அப்பாவுக்குக் கடிதம் வருவதில்லை என்பதும் எனக்குத் தெரியவர இன்னும் எட்டு வருடம் இருந்தது. அதற்குள் அம்மாவின் பக்கத்தில் அதே குறியை, சிவப்புப் பென்சிலால் அழுத்தி அழுத்தி, நானே போட்டுவிட்டிருந்தேன்.