கழற்றிய கிளிப்

சர்வீஸ் சென்டரில் அவளைக் கிளிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பாத்திரம் கழுவும் மெஷின் செய்யும் தொழிற்சாலையில் ஆறு வருடம் ஒரே பெஞ்சின் முன்னால் நின்றவள். ரப்பர் குழாயின் கழுத்தில் கம்பி கிளிப் மாட்டுவது வேலை. ஒரு நாளைக்கு எண்ணூறு. கண்ணைக் கட்டிவிட்டாலும் மாட்டுவாள். அந்தப் பெஞ்சுக்கு ஒரே சட்டம்தான். கழற்றிய கிளிப்பைத் திரும்ப மாட்டக் கூடாது. ஒரு தடவை விரிந்த கம்பிக்குப் பழைய பிடி வராது.

தொழிற்சாலை வேறு ஊருக்குப் போனபோது அவள் கூடப் போகவில்லை. கணவனுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பெஞ்சில் நின்றவள் ரிப்பேர் வேலைக்கு வந்து தரையில் படுக்கக் கற்றுக்கொண்டாள். ஒன்பது வருடமாக ஊரார் சமையலறைத் தரையில் கன்னத்தை வைத்து, டார்ச்சை வாயில் கவ்வி, மெஷின்களின் அடிவயிற்றைப் பார்த்து வருகிறாள்.

இன்று மூன்றாம் மாடி. இரண்டு வாரத்துக்குள் இதே வீட்டுக்கு மூன்றாவது தடவை.

காலையிலேயே சூப்பர்வைசர் போன் செய்துவிட்டான்.

"அக்கா, மூணாவது புகார். வீட்டுக்காரங்க தப்புன்னு வந்தா ஒண்ணும் இல்ல. நம்ம தப்புன்னு வந்தா உங்க பேரு லிஸ்ட்லேர்ந்து தானா போயிடும். நான் கையைப் பிடிச்சு நிறுத்த முடியாது. பாத்துப் பண்ணுங்க."

லிஸ்ட்டில் பெயர் இல்லாவிட்டால் வேலை இல்லை. அதை அவன் சொல்லவில்லை.

கதவைத் திறந்தது வீட்டு வேலை செய்யும் அம்மா. கையில் பிழிந்த துணி.

"வாம்மா. ராசியான கை உனக்கு. நீ வந்துட்டுப் போனாத்தான் நல்லா ஒழுகுது."

கிளிப்பக்கா செருப்பைக் கழற்றினாள்.

சமையலறையில் வீட்டுக்காரி நின்றுகொண்டிருந்தாள். வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்ப்பவள். ஹெட்போன் கழுத்தில் தொங்கியது. ஒரு காது இங்கே, ஒரு காது அங்கே.

"இன்னைக்கு முடிஞ்சாகணும். கீழ்வீட்டு சீலிங் அப்பளம் மாதிரி உப்பி நிக்குது. மனுஷன் தினம் படியேறி வந்து கத்துறாரு. இவ்வளவு நாளா காரணம் தெரியல. இப்பத் தெரிஞ்சுபோச்சு." பாட்டிலை மேடையில் வைத்தாள். கையால் பாத்திரம் தேய்க்கிற திரவ சோப்பு. "இதைத்தான் மெஷினுக்குள்ள ஊத்தியிருக்காங்க. நுரை பொங்கி வெளிய வருது. நெட்ல பாத்தேன்."

"தூள் தீந்துபோன அன்னைக்கு, ஒரே ஒரு தடவை," என்றாள் வேலைக்கார அம்மா. "ரெண்டு சொட்டு. அது எப்பவோ நடந்தது."

"ஒரு தடவைன்னு நீங்க சொல்றீங்க."

"நான் சொல்லாம யாரு சொல்லுவா? ஊத்துனது நானு."

கிளிப்பக்கா இரண்டு பேரையும் பார்க்கவில்லை. சோப்பு என்றால் வீட்டுக்காரர் தப்பு. சர்வீஸ் படிவத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. நெஞ்சில் ஏதோ இளகியது. அது தனக்கே பிடிக்காமல் பையைத் திறந்தாள்.

"சோப்பு எதுவும் போடாம முழுசா ஓட்டிப் பாக்கறேன் மேடம். ஒன்றரை மணி நேரம் ஆகும்."

மெஷினின் கீழ்ப்பலகையைக் கழற்றினாள். பழைய செய்தித்தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து அடியில் பரப்பினாள். தண்ணீர் விழும் இடம் ஒழுகும் இடமாக இருக்க வேண்டியதில்லை. அது மெஷினின் இரும்புச் சட்டத்தைப் பிடித்து நடந்து எங்கோ போய் விழும். ஆனால் காகிதத்தில் முதலில் கறுக்கும் இடத்திலிருந்து பின்னோக்கிப் போனால் பிடித்துவிடலாம். பட்டனை அழுத்திவிட்டுப் படுத்தாள்.

தண்ணீர் ஏறியது. உள்ளே தண்ணீரை வீசும் விசிறி சுற்றும் சத்தம். பத்து நிமிடம். காகிதம் காய்ந்தே இருந்தது. இருபது நிமிடம். அப்போதும் அப்படியே.

முதல் தடவை வந்தபோது பம்ப்பின் சீல் போயிருந்தது. மாற்றினாள். இரண்டாம் தடவை சீல் நன்றாக இருந்தது, கதவு ரப்பரில் ஒரு ஓரம் தேய்ந்திருந்தது. அதையும் மாற்றினாள். இரண்டு தடவையும் குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பினாள். அடுத்த வீடு காத்திருந்தது. எப்போதும் ஓர் அடுத்த வீடு காத்திருக்கும்.

முப்பது நிமிடத்தில் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"ஒழுகுதா?"

"இன்னும் இல்ல."

"பாத்தீங்களா! சோப்பு இல்ல, ஒழுகலும் இல்ல." வேலைக்கார அம்மா பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அக்கா, நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம். நான் வேற ஆளு பாத்துக்கறேன்."

துணி பிழியும் சத்தம் நின்றது.

"பதினோரு வருஷமாச்சும்மா."

"தெரியும்."

"ரெண்டு சொட்டுக்கா?"

வீட்டுக்காரி ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். வேலைக்கார அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அழவில்லை. ஏற்கெனவே துடைத்த மேடையை மறுபடி துடைத்தாள்.

மெஷினுக்குள் சூடு ஏறும் முனகல் கேட்டது. கிளிப்பக்கா டார்ச்சைத் திருப்பினாள். நாற்பத்திரண்டாவது நிமிடம். பம்ப்பின் பின்னால், குழாயின் கழுத்தில் ஏதோ மினுங்கியது. ஒரு சொட்டு. திரண்டது, தயங்கியது, சட்டத்தின் விளிம்பில் இறங்கி நாலு விரற்கடை நடந்து காகிதத்தில் விழுந்தது. காகிதம் ஒரு பொட்டு அளவுக்குக் கறுத்தது.

அடுத்த சொட்டு வந்தது. அதற்கடுத்தது.

அந்தக் கிளிப்பை அவளுக்குத் தெரியும். முதல் தடவை சீலை மாற்றக் குழாயைக் கழற்றியபோது பையில் புதுக் கிளிப் இல்லை. பழையதையே மாட்டினாள். அடுத்த தடவை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்த தடவை அது ஞாபகத்தில் இல்லை. குளிர்ந்த தண்ணீருக்கு அந்தப் பிடி போதும். சூடு ஏறி ரப்பர் இளகினால் போதாது.

எண்ணூறு கிளிப், ஆறு வருடம். அதில் ஒன்றைக்கூட இரண்டாம் தடவை மாட்டியதில்லை.

டார்ச் வாயில் இருந்ததால் உதடு வலித்தது. இன்று பையில் புதுக் கிளிப் இருக்கிறது. மாற்ற இரண்டு நிமிடம் ஆகும். யாரும் பார்க்கவில்லை. நனைந்த காகிதத்தைக் கசக்கிப் பைக்குள் போட்டால் தீர்ந்தது. மெஷின் இனி ஒழுகாது, கீழ்வீட்டுக்காரர் வாயை மூடுவார். படிவத்தில் சோப்புக்கான கட்டம் காத்திருக்கிறது. கேட்காமலே வீட்டுக்காரி கையெழுத்துப் போடுவாள். வீட்டில் கணவன் இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வாசல்வரை நடக்கிறான்.

கிளிப்பை விரிக்கும் இடுக்கியை எடுத்தாள். பிடியை விரலில் மாட்டினாள். சொட்டு விழுந்துகொண்டே இருந்தது.

"என்னம்மா, தூங்கிட்டியா?" என்றாள் வேலைக்கார அம்மா. "முடிச்சுட்டுச் சொல்லு. கடைசியா ஒரு தடவை தரையைத் துடைச்சுக் குடுத்துட்டுப் போறேன். என் கையால தொடங்குன வேலை."

கிளிப்பக்கா இடுக்கியைக் கீழே வைத்தாள்.

"மேடம்!" என்றாள். இரண்டாம் தடவை சத்தமாக. "மேடம், இங்க வாங்க. வந்து படுங்க."

"படுக்கணுமா? நான் மீட்டிங்ல இருக்கேன்."

"அரை நிமிஷம். நின்னா தெரியாது."

வீட்டுக்காரி மைக்கை அணைத்துவிட்டு வந்து, முதலில் குந்தி, பிறகு முழங்கையை ஊன்றி, கடைசியில் கன்னம் தரையில் பட அவள் பக்கத்தில் படுத்தாள். கிளிப்பக்கா டார்ச்சைக் காட்டினாள். இருவரும் ஒரு சொட்டு திரண்டு விழுவதைப் பார்த்தார்கள்.

"சோப்பு போடலையே," என்றாள் வீட்டுக்காரி.

"சோப்பு இல்ல. அந்தக் கிளிப். முதல் தடவை வந்தப்ப புதுசு போட்டிருக்கணும், பழசையே மாட்டிட்டேன். தண்ணி சூடானாத்தான் ஒழுகும். சூடு ஏத்தி நான் பாக்கவே இல்ல."

"அப்ப இந்த ரெண்டு வாரமும்..."

"நான்தான்."

வீட்டுக்காரி எழுந்திருக்கவில்லை. அவளுக்கு நேரே, மெஷினுக்கு அந்தப் பக்கம், வேலைக்கார அம்மாவின் ஈரத்தில் வெளுத்த இரண்டு கால்கள் நின்றன.

புதுக் கிளிப் டக்கென்று உட்கார்ந்தது. கிளிப்பக்கா மெஷினை மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள். புதுக் காகிதம் பரப்பினாள். இந்தத் தடவை வேலைக்கார அம்மாவும் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்தாள்.

"உனக்கு நான் ஒண்ணும் கும்பிடு போடப் போறதில்ல. பதிமூணு நாளு தரையைத் துடைச்சது யாரு? நீயா?"

"இல்ல."

"அப்ப சரி."

நாற்பத்திரண்டு நிமிடம் தாண்டியது. ஐம்பது. சூடு இறங்கித் தண்ணீர் வெளியேறும்வரை பார்த்தார்கள். காகிதம் காய்ந்தே இருந்தது. வேலைக்கார அம்மா அதை எடுத்து இரண்டு பக்கமும் தடவிப் பார்த்த பிறகே கொடுத்தாள்.

கிளிப்பக்கா படிவத்தில் 'பொருத்தியவர் பிழை' என்ற கட்டத்தில் டிக் அடித்து நீட்டினாள். வீட்டுக்காரி படித்தாள். பேனாவைக் கொஞ்ச நேரம் சும்மா பிடித்திருந்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

"அக்கா," என்றாள் சமையலறைப் பக்கம் பார்க்காமல். "நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்துடுங்க."

"வர வேண்டாம்னீங்களே?"

"சொன்னேன். வாங்க."

"பாக்கறேன்," என்றாள் வேலைக்கார அம்மா.

கிளிப்பக்கா படிவத்தைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுப் படியிறங்கினாள். இரண்டாம் மாடியில் கீழ்வீட்டுக்காரர் கதவைப் பாதி திறந்து நின்றார்.

"நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"போன தடவையும் இதையேதான் சொன்னே."

"ஆமா. காலைல சீலிங்கைத் தொட்டுப் பாருங்க."

முதல் மாடி திரும்புவதற்குள் போன் அடித்தது.

"என்னக்கா இது, எந்தக் கட்டத்துல டிக் போட்டிருக்கீங்க?" சூப்பர்வைசர் கிசுகிசுத்தான். "நான் இன்னும் மேல அனுப்பல. வேற படிவம் எழுதி அனுப்புங்க. அஞ்சு நிமிஷம் இருக்கு."

"கையெழுத்து வாங்கியாச்சு. அனுப்பிடு."

"நாளைக்கு உங்களுக்கு ரெண்டு வீடு போட்டு வச்சிருந்தேனே."

"தெரியும்." பையை மற்ற தோளுக்கு மாற்றினாள். "ரெண்டாவது வீட்டுல பம்ப் கழட்டணும். போறவங்களைப் புதுக் கிளிப் எடுத்துட்டுப் போகச் சொல்லு."