தறிக்குழிக்குள் வந்த மழை

உண்ணாமலை குடத்தோடு விழுந்தது 2003 ஏப்ரலில். முள்ளிப்பட்டில் அந்த வருஷம் கைப்பம்பை அடித்தால் காற்றுதான் வந்தது. ஒரு மைல் தள்ளியிருந்த வயல் மோட்டாரில், கரண்ட் இருக்கும் நேரம் பார்த்துப் போய்த் தண்ணீர் பிடிக்க வேண்டும். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடமாக வரப்பில் வந்தவள் கால் சறுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. ஆரணியில் மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் தறிப்பக்கமே போகக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அப்போது அவளுக்கு வயது முப்பத்தெட்டு. அவளும் கணவர் லோகநாதனும் வீட்டுக்குள் ஒரு குழித்தறி வைத்திருந்தார்கள். தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, மிதிகட்டையை மிதித்து நெய்கிற தறி. காலையில் அவர் உட்காருவார், மதியத்துக்கு மேல் இவள். ஆரணியில் இருக்கும் முதலாளி ஜெயக்குமார், தறியில் நீளவாக்கில் ஓடும் பட்டு இழைகளான பாவும் ஜரிகையும் கொடுப்பார். நெய்த பட்டுப்புடவையைக் கொண்டுபோய் அவரிடம் சேர்ப்பார்கள்.

உண்ணாமலைக்குச் சும்மா உட்காரத் தெரியாது. எந்தப் பொருளையும் வீசவும் மனசு வராது. களம்பூர் ரைஸ் மில்லில் வேலை செய்த தம்பி வீரன் மூட்டையாகக் கொண்டுவந்து போடும் உமியை எரிக்க, பழைய எண்ணெய் டின்னிலேயே அடுப்பு செய்துகொண்டாள். டின்னின் அடியில் ஓட்டை போட்டு, நடுவில் ஒரு கட்டையை நிறுத்தி, சுற்றிலும் உமியை இறுக்கித் திணித்துவிட்டுக் கட்டையை உருவிவிடுவாள். அந்தப் பொந்துக்குள் பற்றும் தீ சோறு, குழம்பு இரண்டுக்கும் தாங்கும். குளிக்கிற தண்ணீர் வாழைக்குப் போகும். இதையெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. கை துறுதுறுவென்று இருக்கும், செய்வாள், அவ்வளவுதான்.

கட்டுப்போட்ட கையோடு வீட்டில் கிடந்த நாட்களில் ஒரு கோடை மழை பெய்தது. ஓட்டுக்கூரையிலிருந்து கொட்டிய தண்ணீர் வாசல் வழியாகத் தெருவுக்கு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அரை மணி நேரம் ஓடியது. எத்தனை குடம் போயிருக்கும் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த வருஷமே வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிக்க வேண்டும் என்று அரசாங்க உத்தரவும் வந்தது. பெரும்பாலானவர்கள் பேருக்கு ஒரு குழாயை மண்ணில் செருகி வைத்தார்கள். உண்ணாமலை நிஜமாகவே செய்ய நினைத்தாள். பிவிசி குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து ஓட்டின் விளிம்பில் கட்டினாள். தண்ணீர் இறங்க ஒரு குழி வெட்டி, செங்கல் ஜல்லியும் மணலும் போட்டாள். கை இன்னும் சரியாகத் தேறவில்லை. மண் இளக்கமாக இருந்த இடம் பார்த்து, தறிவீட்டுச் சுவரிலிருந்து நாலடியிலேயே குழியை வெட்டிவிட்டாள். சுவரை விட்டுத் தள்ளி வெட்டவேண்டும் என்று அரசாங்கம் கொடுத்த நோட்டீஸில் படம் போட்டிருந்தது. பார்த்தும் இருந்தாள்.

செப்டம்பரில் ஒரு நாள் விடாமல் மழை. மறுநாள் காலை லோகநாதன் தறியில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டார். முழங்கால் வரை தண்ணீர்.

"ஏய், இன்னா பண்ணி வச்சிகிற? வந்து பாரு!"

உண்ணாமலை ஓடிவந்து பார்த்தாள். மிதிகட்டைகள் தண்ணீரில் அமிழ்ந்து கிடந்தன. மேலே பாவு ஈரம் குடித்து, பட்டு இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"சொவுத்துக்குப் பக்கத்துல கொளம் வெட்டினா தண்ணி எங்க போவும்? கல்யாணப் பொடவடி இது. ஜெயக்குமாருக்கு யார் பதில் சொல்றது? ஒரே பேஜாரு!"

"நானே போய்ச் சொல்றங்க" என்றாள்.

அன்றே பஸ் ஏறி ஆரணிக்குப் போனாள். ஜெயக்குமார் கடையில் பட்டுக்கு எடை போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா, தப்பு என்னுதுங்க. தண்ணிக் குழிய தறிக்குக் கிட்ட வெட்டிட்டேன். தறி நின்னுகினு கீது."

அவர் முகம் சுருங்கியது. "பாவு அறுந்துச்சா?"

"இல்லீங்க. ஈரந்தான்."

"அப்ப காயட்டும். அவசரப்பட்டு தறி அடிச்சா இழை போயிடும். கல்யாண வூட்டுக்கு நான் வேற பொடவ பாத்துக் குடுத்துடறேன்." எடைக்கல்லைக் கீழே வைத்துவிட்டு, "இத சொல்ல ஒன் வூட்டுக்காரரு வரலியாம்மா?" என்றார்.

"தப்பு பண்ணது நான்தாங்களே."

தறி எட்டு நாள் நின்றது. லோகநாதன் வீட்டில் பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிட்டார், எழுந்து போனார். உண்ணாமலை தினமும் கூடை கூடையாக மண் சுமந்து அந்தக் குழியை மூடினாள். ஐந்தாம் நாள், வலது கையை உதறி உதறி மண் தள்ளுகிறவளைப் பார்த்துக்கொண்டே நின்றவர், வந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்.

"இத மூடிட்டா மழைத் தண்ணி எங்க போவும்?"

அவள் கொல்லைப் பக்கம் கை காட்டினாள். அங்கே வற்றிப்போன கிணறு ஒன்று இருந்தது. இரண்டு வருஷமாக எல்லோரும் அதில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லி இருக்கலாம் இல்ல?"

"நீங்கதான் பேசலியே."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுவாரம் அவரும் வீரனும் இறங்கிக் கிணற்றைச் சுத்தம் செய்தார்கள். கூரைத் தண்ணீரைக் குழாய் வழியாகக் கொல்லைக்குக் கொண்டுபோய், ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் விட்டார்கள். டிரம்முக்குள் அடியில் கூழாங்கல், அதன் மேல் அடுப்புக்கரி, மேலே மணல். அதில் வடிந்த தண்ணீர் கிணற்றில் இறங்கும். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரைத் தனியே வெளியே திருப்பிவிட ஒரு மூடியும் வைத்தாள் உண்ணாமலை.

அதற்குப் பிறகு அந்த வருஷ மழை ஏமாற்றிவிட்டது. அடுத்த வருஷமும் கிணற்றின் அடியில் சேறு நனைந்ததோடு சரி. எதிர்வீட்டுக் காத்தாயி எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, கெணத்துக்கு வைத்தியம் பாத்துகினு கீறியா?" என்று கேட்டுச் சிரித்தாள். உண்ணாமலையும் கூடச் சிரித்தாள். ஆனால் உள்ளே வந்து, குறுக்கே ஓடும் ஊடை நூலை வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்தாள்.

2005 ஐப்பசியில் அடைமழை பிடித்தது. கிணற்றில் இரண்டு ஆள் உயரம் தண்ணீர் நின்றது. தறிக்குழி காய்ந்தே இருந்தது. லோகநாதன் ஆரணிக்குப் போய்ப் புது ராட்டினமும் கயிறும் வாங்கிவந்து மாட்டினார். அடுத்த சித்திரையில் தெருவே மறுபடி மோட்டாருக்கு நடந்தபோதும் அந்தக் கிணற்றில் வாளி மொண்டது. காத்தாயி குடத்தோடு வந்து, கேட்கத் தயங்கிக்கொண்டு வேலியோரம் நின்றாள்.

"இன்னா நின்னுகினு கீற? ஜல்தியா மொண்டுகினு போ, வெயில் ஏறுது" என்றாள் உண்ணாமலை.

அடுத்த இரண்டு வருஷத்தில் அந்தத் தெருவில் ஒன்பது வீடுகளில் டிரம் ஏறியது. ஒவ்வொரு வீட்டுக்கும் உண்ணாமலை போய் நின்று இடம் காட்டினாள். இரண்டு வீட்டில் மட்டும் மணலைக் கழுவாமல் விட்டுவிட்டதால் குழாய் அடைத்துக்கொண்டது. "சோத்துப் பானய களுவுறீங்க, இத களுவக் கூடாதா?" என்று அவர்களிடம் போய்ச் சண்டை போட்டாள். பிறகு அவர்கள் வாசலிலேயே உட்கார்ந்து, முறத்தில் மணலை அள்ளி, தானே கழுவிக் கொடுத்துவிட்டு வந்தாள்.